பீங்கானும் கொட்டாங்குச்சியும்

அமெரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1786-இல், ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க்கிலிருந்த கர்னல் ஹென்றி லீ மூலமாகச் சீனத்துப் பீங்கான் வரிசை ஒன்றை விலைக்கு வாங்கினார். சிற்றுண்டிக்கும் விருந்துக்கும் தேநீருக்குமாக 302 உருப்படிகள் அடங்கிய அந்த வரிசையில், நீலக் கரைக்கு நடுவே எக்காளம் ஊதிப் பறக்கும் கீர்த்தி தேவதையொருத்தி, சுதந்திரப் போரில் சேவை புரிந்த அதிகாரிகள் அமைத்துக்கொண்ட சின்சினாட்டி சங்கத்தின் கழுகுப் பதக்கத்தைக் கையில் ஏந்தி வருவதாகச் சித்திரம் தீட்டப்பட்டிருந்தது. பத்தாண்டுகள் கழித்து, வான் பிராம் என்ற டச்சு வணிகர் காண்டனிலிருந்து கொண்டுவந்து வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குக் காணிக்கையாக அளித்த பாத்திரங்களிலோ, தன் வாலைத் தானே கவ்விய பாம்பு விளிம்பைச் சுற்றி ஓட, அதற்கு உட்புறத்தில் அன்றைய 15 மாநிலங்களின் பெயர்களும் ஒரு சங்கிலியின் 15 கண்ணிகளில் எழுதப்பெற்றிருந்தன. ஒரு தேசம் தன் ஒற்றுமையையும் கௌரவத்தையும் பறைசாற்றுவதற்குப் ஏழு கடல் தாண்டி வந்த தேநீர்ப் பாத்திரத்தை நாடியது என்பதைச் சரித்திர வினோதமாகக் கருதி ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில் எந்தப் பாத்திரத்தில் யாருக்கு என்ன வார்க்கப்படுகிறது என்ற கேள்வியில் ஒரு சமூகத்தின் அந்தரங்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அந்த நாடும், நம் தருமபுரி மாவட்டமும் சேர்ந்தே சாட்சி சொல்லுகின்றன.

அந்தப் பீங்கான் பிறந்த விதத்தைச் சற்று நின்று பார்ப்போம். சீனத்தின் உட்பகுதியிலுள்ள ஜிங்தேஜென் என்ற ஊரில், வெண்களிமண்ணையும் ஒருவகைப் பாறைப் பொடியையும் குழைத்து வனைந்து, ஏறக்குறைய 1,300 பாகை வெப்பத்தில் சுட்டெடுத்தால், தட்டினால் கணீரென்று ஒலிப்பதும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரிவதுமான கலம் கிடைக்கும். வெண்மையாகவே அனுப்பப்பட்ட கலங்கள் பல, ஆற்றுப் படகிலும் கூலியாட்களின் தோளிலுமாக மலை கடந்து காண்டன் துறைமுகத்தை அடைந்து, அங்கே மேல்நாட்டார் கேட்ட சின்னங்களையும் எழுத்துக்களையும் ஏற்றுக்கொண்டு, மறுபடியும் மெல்லிய தீயில் சுடப்பட்டன. கப்பலில் அவை இருந்த இடம் அடித்தளம். தேயிலை இலேசானது, ஈரம் பட்டால் கெட்டுப்போவது. பீங்கான் கனமானது, தண்ணீரால் கேடுறாதது. ஆகவே பீங்கான் பெட்டிகளைக் கீழே அடுக்கிக் கப்பலுக்குப் பாரம் சேர்த்து, அவற்றின் மேல் தேயிலைப் பெட்டிகளை ஏற்றினார்கள். 1784 பிப்ரவரி 22-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ் ஆஃப் சைனா' என்ற கப்பல், மறு ஆண்டு மே மாதம் தேயிலையும் பீங்கானுமாகத் திரும்பி வந்தபோது, சுதந்திர அமெரிக்கா தன் சொந்தக் கப்பலில் சீனத்தோடு நடத்திய முதல் வாணிபம் பூர்த்தியாயிற்று. அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவில், பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்கள் இதே அமெரிக்கர்களே. தேயிலையின் மீதிருந்த வரியை வெறுத்தார்களேயன்றித் தேநீரை அவர்கள் என்றும் வெறுக்கவில்லை.

வசதியுள்ள அமெரிக்க வீடுகளில் தேநீர் அருந்துவது ஒரு சடங்காகவே இருந்தது. கைப்பிடியில்லாத சிறு கிண்ணம், அதற்கேற்ற தட்டு, சர்க்கரைப் பாத்திரம், மண்டியைக் கொட்டும் கிண்ணம், பூட்டிய தேயிலைப் பெட்டி ஆகிய அனைத்தும் மேசைமீது அழகுற அமைய, வீட்டுத் தலைவி தன் கையாலேயே வார்த்து விருந்தினருக்கு வழங்குவாள். ஒருவர் மரித்தால் நியாயஸ்தலத்துக்காகத் தயாரிக்கப்படும் உடைமைப் பட்டியலில், மாடுகளோடு தேநீர்க் கிண்ணங்களும் கணக்கில் ஏறின. அதே பட்டியலில் மனிதர்களும் ஏறினார்கள் என்பதை மறந்துவிட்டுப் பீங்கானின் அழகைப் பேசுவது பாதி உண்மையைப் பேசுவதாகும். 1799-இல் வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணைகளில் 317 அடிமைகள் இருந்தனர். சமையலறையில் வெந்நீர் காய்ச்சியவர்களும், கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அடுக்கியவர்களும் அவர்களே.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் மனத்தை நெடுநாளாக ஆட்கொண்டிருக்கும் செய்தி. மவுண்ட் வெர்னானில் அடிமைகள் குடியிருந்த 'குடும்பங்களின் இல்லம்' என்ற கட்டடத்தின் நிலவறையைத் தொல்லியலார் தோண்டியபோது, அங்கே குவிந்திருந்த குப்பையில் சீனப் பீங்கான் துண்டுகளும் கலந்து கிடந்தன. மூன்றாம் ஜனாதிபதி ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோப் பண்ணையில், அடிமைகளும் தொழிலாளரும் வசித்த மல்பெரி வரிசையிலும் அவ்வாறே கண்டெடுக்கப்பட்டன. இவை எஜமானரின் மேசையிலிருந்து கழிக்கப்பட்டுக் கைமாறியவையா, அன்றி அந்த ஏழை மக்கள் தாம் வளர்த்த கோழிகளையும் காய்கறிகளையும் ஞாயிறு சந்தையில் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவையா என்பது அறிஞர்களிடையே விவாதமாக இருந்து வருகிறது. எப்படி வந்தனவாயினும், எஜமானரின் கணக்குப் புத்தகங்கள் அடிமைக்கு அளந்து கொடுத்த சோள மாவையும் உப்பிட்ட மீனையும் மட்டுமே குறித்து வைத்திருக்க, அந்த மனிதனும் ஓர் அழகிய கிண்ணத்தை உதட்டில் வைத்துக் குடிக்க விரும்பினான் என்ற பேருண்மையை மண்ணுக்குள் புதைந்த ஓட்டுத் துண்டு ஒன்றுதான் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே சொல்லிற்று. எழுதி வைத்தவர்கள் மறைத்ததை உடைந்த பாத்திரம் மறைக்கவில்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் பலரும் நினைப்பதைவிட நெருக்கமானது. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படைகளிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவே, வாஷிங்டன் பீங்கான் வாங்கிய அதே 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமஹால் என்ற பகுதியைக் கம்பெனிக்குப் பெற்றவர். அந்தப் பாரமஹாலில்தான் தருமபுரி அடங்கியிருந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, குடியானவரிடமிருந்து நேராக வரி வாங்கும் முறையைச் சோதித்தறிந்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே பல ஆண்டுகள் வாசம் செய்தவர். கம்பெனி இந்தியாவில் திரட்டிய வருவாயில் ஒரு பகுதி, சரக்காகவும் வெள்ளியாகவும் மாறிக் காண்டனில் தேயிலைக்கு முதலாயிற்று என்பது பொருளாதார வரலாறு அறிந்த செய்தி. இங்கே கேழ்வரகு விளைவித்தவன் செலுத்திய தீர்வை, அவன் கண்ணாலும் காணாத ஒரு பானத்துக்கு மறைமுகமாக விலை கொடுத்தது.

பீங்கான் மட்டும் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் நடத்திய அகழாய்வில், பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையின் அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகளை இன்றும் காணலாம். ஆயினும் நம் வீடுகளுக்குள் பீங்கான் வந்து அமர்ந்த இடம் ஊறுகாய் ஜாடியின் இடமேயன்றிக் குடிக்கும் பாத்திரத்தின் இடம் அன்று. உப்பும் புளிப்பும் அரிக்காத கலமென்று அதன் பயனை உணர்ந்த நம் பாட்டிமார், அதில் வாய் வைத்துக் குடிக்க இசையவில்லை. பித்தளையையும் வெண்கலத்தையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துத் தீட்டுக் கழிக்கலாம். மண்ணால் ஆனதற்கு எச்சில் பட்டால் சுத்தியே இல்லை என்பது ஆசாரம். குவளை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதே மரியாதை என்று வளர்ந்த சமூகம் இது. பீங்கான் கிண்ணத்தை உதட்டால் தொடுவதை அமெரிக்கர் நாகரிகத்தின் அடையாளமாகக் கொண்டார்கள்; உதடு தொடாமையை நாம் நாகரிகமாகக் கொண்டோம். இரண்டில் எது மேல் என்று வாதாட நான் வரவில்லை. எச்சிலைப் பற்றிய அச்சம் சாதியைப் பற்றிய அச்சத்தோடு கைகோத்துக்கொண்டபோது நேர்ந்த அநீதியைப் பற்றியே பேச வந்தேன்.

தேநீர் நம் கிராமங்களுக்குத் தானாக வரவில்லை, கொண்டுவரப்பட்டது. 1903-இல் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்து, சந்தைகளிலும் ரயிலடிகளிலும் இலவசமாகக் காய்ச்சி ஊற்றிப் பழக்கினார்கள். அதற்கு வெகு முன்பே, நம் மக்களின் கை தேயிலைச் செடியைத் தொட்டுவிட்டது. 1867-இல் இலங்கையின் லூல்கந்துராத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கிய பிறகு, மலைநாட்டுக்குக் கொழுந்து பறிக்கக் கங்காணிகள் அழைத்துச்சென்ற தமிழ்க் குடும்பங்களில் சேலம் மாவட்டத்தவரும் இருந்தனர். 1965 வரை தருமபுரி அந்தச் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியே. அப்படிச் சென்றவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். உலகத்தின் பீங்கான் கிண்ணங்களை நிரப்பிய இலையைப் பறித்தவர்களின் உறவினர், தம் சொந்த ஊரின் கடைவாசலில் அதே இலையின் சாற்றுக்காக எப்படி நிறுத்தப்பட்டார்கள் என்பதை யோசிக்குந்தோறும் நெஞ்சு பதறுகிறது.

டீக்கடை என்பது தமிழ்நாட்டுப் பொதுவாழ்வுக்குக் கிடைத்த ஓர் அரிய வரம் என்றே நான் கருதுகிறேன். பாய்லர் கொதிக்க, துணி வடிகட்டியில் தூள் ஊற, மாஸ்டர் ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தி நுரை பொங்க ஆற்றி நீட்டும் கண்ணாடி கிளாஸ், யார் பெற்ற பிள்ளை என்று கேளாமல் எல்லாருடைய உதட்டுக்கும் போகவேண்டிய பொருள். வீட்டில் இல்லாத சமத்துவம் வீதியில் பிறக்கக்கூடிய சந்தர்ப்பம் அது. அதனாலேயே சாதி விழித்துக்கொண்டு, கிளாஸை இரண்டாகப் பிரித்தது. உள்ளே பெஞ்சில் அமர்பவருக்கு ஒன்று. சேரியிலிருந்து வருபவருக்கு வேறொன்று, கூரைச் சரிவில் செருகியோ திண்ணை ஓரத்தில் கவிழ்த்தோ வைக்கப்பட்டது, குடித்தவரே கழுவி வைக்க வேண்டியது. இரட்டைக் குவளை முறை என்று நாம் பேர் வைத்த இக்கொடுமை ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் தருமபுரி அதிலிருந்து தப்பியதும் அன்று.

சட்டம் இதைப் பாராமல் இருக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் இயற்றப்பட்டுப் பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், உணவுவிடுதியில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்குத் தீண்டாமை காரணமாக மறுப்பதைத் தன் நான்காம் பிரிவில் குற்றமாக்கிற்று. பாத்திரம் என்ற சாமானியப் பொருளை நாடாளுமன்றம் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டியிருந்த நாடு இது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2011 ஏப்ரலில், ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான சுதா மிஸ்ராவும், தமிழ்நாட்டின் இரட்டைக் குவளை முறையை வன்மையாகக் கண்டித்து, அதைக் கைக்கொள்வோர்மீது குற்ற நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும், தம் எல்லைக்குள் அது நடப்பதை அறிந்தும் வாளாவிருக்கும் ஆட்சி அதிகாரிகளும் காவல் அதிகாரிகளும் அதற்குப் பொறுப்பாவார்கள் என்றும் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், நம் மாவட்டத்தின் மொரப்பூர் வட்டாரத்தில் ஒரு நிலத்தில் கூலி வேலைக்கு வந்த பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் வார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் காட்சி வீடியோவாகப் பரவியது. புகாரின் பேரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகைகள் இரண்டொரு நாள் எழுதிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டன. நான் அவ்வளவு விரைவில் போக விரும்பவில்லை.

கொட்டாங்குச்சி இழிந்த பொருளன்று. அதற்குக் காம்பு செருகினால் அகப்பையாகி, எந்த உயர்குலத்துச் சமையலறையிலும் சாம்பாருக்குள்ளும் ரசத்துக்குள்ளும் உரிமையோடு இறங்குகிறது. நிலத்துச் சொந்தக்காரரும் கூலியாளும் வரப்பில் ஒன்றாக அமர்ந்து ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் குடித்திருந்தால் அதில் குறை காண ஒருவருமில்லை. காலை பத்து மணிக்கு வேலை செய்யும் கைகளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது நம் விவசாயத்தின் பழைய, நல்ல சம்பிரதாயம். கூலிக்கு மேலான உபசாரம் அது. அந்த உபசாரத்துக்குள்ளேயே அவமதிப்பை வைத்துக் கொடுத்ததுதான் கொடுமையின் சாரம். வீட்டில் எவர்சில்வர் தம்ளர் இல்லாமலா போயிற்று? குடித்த பிறகு அந்தத் தம்ளரை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமே என்ற ஒரு நினைப்பே கையைத் தடுத்தது. கொட்டாங்குச்சியைக் கழுவ வேண்டியதில்லை, எறிந்துவிடலாம். எறியத்தக்க பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர், அதில் குடித்தவரையும் எத்தகையவராகக் கருதினார் என்பதற்கு வேறு சாட்சியம் எதற்கு?

இதே தர்க்கம் வேறொரு வேஷத்தில் நம் கடைவீதிகளிலும் நுழைந்திருக்கிறது. தனிக் கிளாஸ் வைத்தால் வழக்கு வரும் என்று அறிந்த சில கடைக்காரர்கள், அறிந்த முகத்துக்குக் கண்ணாடிக் கிளாஸையும், காலனியிலிருந்து வருபவருக்குப் பேப்பர் கப்பையும் நீட்டுகிறார்கள். சுகாதாரத்தின் பெயரால் அது நியாயமாகவும் தோன்றும். பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதக் குவளைகளை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழக அரசு தடைசெய்தது சுற்றுச்சூழலுக்காக. அந்தத் தடை செவ்வனே நிறைவேறினால் சமூகத்துக்கும் ஒரு நன்மை விளையும் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எல்லாருக்கும் பூச்சில்லாத பேப்பர் கப், அன்றி எல்லாருக்கும் கிளாஸ்: கடையில் இந்த ஒரே விதி போதும், ஆராய்ந்தறிய எந்த அதிகாரிக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. கடை ஓரத்தில் நின்று ஒரு தேநீர் குடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் சட்டத்தின் கையால் மட்டும் இது முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகவே ஒரு யோசனையை மாவட்ட மக்கள் முன் வைக்கிறேன். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில், ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் நடுகற்களை வரிசையாகக் காத்து வைத்திருக்கிறோம். மோதூரில் அரசுத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த பழங்காலப் பானை ஓடுகளைக் கொண்டு, எழுத்தில்லாத காலத்து மனிதர் எப்படிச் சமைத்தார், எப்படி உண்டார் என்று ஊகித்துப் பெருமைப்படுகிறோம். அதே அருங்காட்சியகத்தில், அந்தப் பானை ஓடுகளுக்கு உரிய மரியாதையோடு, இந்த மாவட்டத்தின் டீக்கடைகளில் தனியே ஒதுக்கப்பட்டிருந்த கிளாஸ் ஒன்றும், வயலில் நீட்டப்பட்ட கொட்டாங்குச்சி ஒன்றும் வைக்கப்படவேண்டும். மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனின் பீங்கானைக் காட்டும் நிர்வாகம் அடிமைகளின் வாழ்வையும் இன்று மறைக்காமல் காட்டுகிறது. தேசபிதாவின் கீர்த்தி அதனால் குறைந்துவிடும் என்று கூச்சலிட்டவர்கள் அங்கேயும் இல்லாமலில்லை, ஆனாலும் காட்டுகிறார்கள்.

இது மாவட்டத்தின் பெயருக்கு இழுக்கு என்று சிலர் மறுப்பார்கள். எல்லா ஊரிலும் இருந்ததை நம் தலையில் மட்டும் ஏன் சுமத்துவது என்று கேட்பார்கள். அவர்களுடைய ஊர்ப்பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும், பெயருக்கு இழுக்கு வருவது குவளையைப் பிரிப்பதால் வருகிறதா, பிரித்த குவளையைக் காட்டுவதால் வருகிறதா என்று அவர்களே நிதானமாக ஆலோசிக்கட்டும். வேறு சிலர், பழைய புண்ணைக் கிளறினால் சமாதானமாக இருப்பவர்களிடையே பகை மூளும் என்று அஞ்சுவார்கள். புண் ஆறியிருந்தால் 2024-இல் கைது நேர்ந்திராது. இன்னொரு பயம் உண்டு, அது எனக்கே உண்டு: அவமானத்துக்கு உள்ளானவர்களின் வலியை வேடிக்கைப் பொருளாக்கிவிடுவோமோ என்பது. ஆதலால் இவற்றை வைக்கும் பேழையை அமைக்கும் குழுவில், அந்தக் குவளையில் குடிக்க நேர்ந்தவர்களே பெரும்பான்மையாக அமர்ந்து, எதை வைப்பது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். தனிமனிதர் பெயர் எதுவும் வேண்டாம். ஊர் வட்டாரம், ஏறத்தாழ எந்த ஆண்டு வரை வழக்கிலிருந்தது, அதை யார் கழுவி வைத்தார்கள், எந்தச் சட்டப் பிரிவு அதைத் தடுக்கிறது என்ற நான்கு வரிகள் போதும்.

அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் உள்ள அரசுப் பள்ளிகளிலிருந்து, நடுகல் பார்க்கப் பஸ்ஸில் அழைத்துவரப்படும் பிள்ளைகளில், அந்தக் கிளாஸை நீட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள், வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். இருவரும் ஒரே கண்ணாடிப் பேழையின்முன் நின்று அந்த நான்கு வரிகளை வாசித்த பிறகு, ஆசிரியர் அவர்களை அருங்காட்சியகத்துக்கு வெளியேயுள்ள கடைக்கு அழைத்துச்சென்று தேநீர் வாங்கிக் கொடுக்கட்டும்; அதற்கான சிறு தொகையைப் பள்ளிச் சுற்றுலாச் செலவிலேயே சேர்த்துக்கொள்ள மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு பிறப்பிக்கலாம்.